காரட்டுக்கு முடி வெட்டிய விவகாரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே உன் கோபமும் குறையாமல் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

"அப்பா, ரெண்டு வருஷ ஆராய்ச்சி! என் பட்டமே போச்சு! வெட்டினதை எங்க போட்டீங்க?" என்று போனில் அழுதாயே, அப்போது கோபத்தில் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது கேள். முப்பத்தெட்டு வருஷம் சலூன் நடத்தியவன் வீட்டு ஜன்னலோரம் நாலு கண்ணாடிப் பெட்டியில் காரட் வில்லைகளை வைத்து, "லேப்ல ஏசி ரிப்பேர், ரெண்டு வாரம் பாத்துக்கோங்க" என்று விட்டுப் போனது யார் குற்றம்? பத்தாம் நாள் காரட்டுக்கு முடி முளைத்தது. உன்னைக் கேட்டால், மண்ணில் இருக்கும் ஏதோ பாக்டீரியாவாம், காரட்டின் வெட்டுக்காயம் வழியாக நுழைந்து தன் மரபணுவில் ஒரு துண்டை உள்ளே சொருகிவிடுமாம், காரட்டும் அதைத் தன் சொந்தப் புத்தி என்று நம்பி வேர் வேராக விட்டுத்தள்ளுமாம். என்ன அநியாயம்! வாடகைக்குக்கூட வராதவன் வீட்டுப் பத்திரத்திலேயே பேரை எழுதிக்கொள்வதா? அந்தக் காரட்டுக்காகக் கேட்க ஒரு நாதி இல்லையா? அதிலும் மூன்றாம் பெட்டிக்காரன் நெற்றியே தெரியாமல் வளர்த்து வைத்திருந்தான். உன் அம்மா வேறு, "காரட்டுக்குக்கூட முடி வளருது, உங்க தலையிலதான் ஒண்ணையும் காணோம்" என்றாள். எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்? பன்னிரண்டாம் நாள் கத்தரியைக் கொதிக்கவைத்து, ஸ்பிரிட்டில் முக்கி, வாயில் துணி கட்டிக்கொண்டு நாலு பேருக்கும் ஒட்ட வெட்டிவிட்டேன். தொழில் சுத்தத்தில் என்னை ஒருத்தன் குறை சொல்ல முடியாது. இனி உன் பெட்டி ஒன்றுகூட இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. வந்து எடுத்துக்கொண்டு போ.

வேளைக்குச் சாப்பிடு. பட்டம் வாங்காவிட்டாலும் நீ என் மகள்தான். நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: வெட்டியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வேருக்குச் சாப்பாடு என்று நீ ஜெல்லி ஊற்றி, காரட் வைக்காமல் விட்டுப்போன வேறு நாலு பெட்டியில், யாருடையது யாருக்கு என்று நம்பர் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தால், காரட்டே இல்லாமல் அந்த முடி தானாக வளர்ந்து கிளைவிட்டிருக்கிறது. பெட்டிகளோடு நீ வைத்துவிட்டுப் போன ஆராய்ச்சி நோட்டைப் புரட்டினேன். 'பதினைந்தாம் நாள், வேரை வெட்டிப் புது ஜெல்லிக்கு மாற்றவும்' என்று இருக்கிறது. மூன்று நாள் முந்திவிட்டேன், அவ்வளவுதான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும். அந்த ஜெல்லியை என் தலையில் தடவிப் பார்க்கலாமா என்று உன் அம்மா கேட்கிறாள். கூடவே கூடாது என்று அதட்டிவிட்டேன். இருந்தாலும் உன் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.