உசத்தி அண்ணையின் ஸ்பிரிங்

திருகோணமலையில் நிலத்தோடு ஒட்டிக் கிடந்த எதையும் உசத்தி அண்ணை சும்மா விட்டதில்லை. துறைமுகப் பக்கம் அவருடைய கராஜ். கதிரைக் கால்களுக்குக் கீழே செங்கல், குசினி அடுப்புக்குக் கீழே மரக்குற்றி, கோழிக்கூட்டுக்குக் கீழே நான்கு டயர். கூட்டில் ஏறிய கோழி இறங்க வழி தெரியாமல் விடிய விடியக் கத்தும். மனிதரின் சொந்தப் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சண்டைக் காலம். என்னிடம் ஒரு கிழட்டு ஜீப் இருந்தது. பின் ஸ்பிரிங் தளர்ந்து, இரண்டு பேர் ஏறினாலே குந்திவிடும். கிண்ணியாவுக்குப் போக வாகனத்தை மிதவையில் ஏற்ற வேண்டும். அந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதன் ஏறுபலகையில் இடித்தே என் ஜீப்பின் சைலன்சர் இரண்டு தரம் தண்ணீருக்குள் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கலியாணம் முற்றாகியது. பெண்ணின் ஊர் ஆலங்கேணி, பாதைக்கு அந்தப் பக்கம். முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர ஒரேயொரு பாதை ஓட்டம்தான் இருந்தது. ஏறுபலகையில் மாட்டினால் தாலி என் மடியிலேயே இருந்துவிடும்.

புது ஸ்பிரிங் கொழும்பிலிருந்து வரவேண்டும். விலையும் எனக்குக் கட்டாது. உசத்தி அண்ணை பழைய இரும்புக் குவியலைக் கிளறி, ஒரு பெரிய வான் வண்டியின் பின் ஸ்பிரிங் இரண்டை இழுத்தெடுத்தார். ஒரே நாளில் பூட்டி முடித்துவிட்டார். கேட்காமலே என் இருக்கையையும் நான்கு விரல் உயர்த்தியிருந்தார்.

ஜீப், தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாடு மாதிரி முன்பக்கம் குனிந்து வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாரம் ஏறினால் சரியாயிடும் தம்பி. பாரத்துக்கு நான் வாறன்" என்றார்.

நல்ல பாரம்தான். கலியாணத்தன்று பட்டுச் சட்டையோடு அவர் பின்னால் ஏறி உட்கார, ஜீப் மட்டமாகியது. முன்னால் அம்மா. தலைப்பாகை கூரையில் முட்டியதால் அதை அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையாகிய நானே ஓட்டினேன். சீனன்குடா தாண்டி, பாதைத் துறைக்கு முன்னால் இருந்த இராணுவச் சோதனைச் சென்றியில் மறித்து எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள்.

அண்ணை இறங்கினார். ஜீப்பின் வால் தானாக எழும்பியது. ஆமிக்காரப் பொடியன் இரண்டடி பின்னால் போய்த் தன் மேலதிகாரியான பெரியவரைக் கூப்பிட்டான். ஜீப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். துறையில் பாதைக்காரன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான். அம்மா எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாள்.

அண்ணை தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினார். அது ஒருவருக்கும் விளங்காததால், ஏறிக் காட்டினார், இறங்கிக் காட்டினார், திரும்பவும் ஏறினார். வால் பதிந்து பதிந்து எழும்பியது. பெரியவர் தானும் ஒருதரம் ஏறி இறங்கிப் பார்த்தார். பிறகு மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் குந்திக் கிடந்த தங்களுடைய ஜீப்பைக் கைகாட்டினார்.

அண்ணையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கலியாணம் எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

"நீங்கள் போங்கோ தம்பி. நான் இல்லாட்டி வால் இன்னும் உயரும், பலகையில இடிக்காது."

"கலியாணம் பார்க்க வந்த ஆளெல்லோ நீங்கள்!" என்று அம்மா தவித்தாள்.

"தாலி கட்டப் போறது அவர். அதுக்கு நான் எதுக்குத் தங்கச்சி?" என்றபடியே பட்டுச் சட்டையைக் கழற்றி மடித்தார்.

பலகையில் ஒரு கீறல்கூட விழாமல் ஜீப் ஏறியது. முகூர்த்தம் தப்பவில்லை.

பின்னேரம் பெண்ணோடு திரும்பி வந்தோம். சென்றியடியில் ஆமி ஜீப்புக்குக் கீழேயிருந்து கிரீஸ் பூசிய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வரும் வழியெல்லாம் அம்மாவிடம் அவர் கதையைக் கேட்டு வந்த என் மனைவி, நான் சொல்லாமலே இறங்கிப் போனாள். கூறைச் சேலையோடு புழுதியில் குனிந்து அந்தக் கால்களைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"ஆரது? உந்தப் பதினாலாம் ஸ்பனரை ஒருக்காத் தாங்கோ" என்றது குரல்.

அவள் தேடி எடுத்து, வெளியே நீண்ட கையில் வைத்தாள்.

"நல்லா இருங்கோ" என்றார், ஆரென்று தெரியாமலே.

அன்று எங்களை ஆசீர்வதித்தவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்குப் பலித்தது அந்த ஆசீர்வாதம்தான் என்று அவள் இன்றும் சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.