சும்மா, இப்படித்தான்

வீட்டுக்கு மூன்று பூட்டு, வாய்க்கு ஒரு பூட்டு, கைப்பேசிக்கு மட்டும் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. இப்படி ஓர் இனம் நம்மிடையே பெருகிவருகிறதே, கவனித்தீர்களா? இவர்களுக்கு ரகசியத் தண்டோராக்காரர்கள் என்று பெயர் வைப்போம்.

நம் மருந்துக்கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்சலில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்து, பாதியை இன்றைய குப்பையிலும் மீதியை நாளைய குப்பையிலும் போடுகிற மனிதர். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றால், ஒரு கையால் எண்ணை அழுத்தி, மறு கையால் அதை மூடி, பின்னால் நிற்பவரை ஒரு முறை முறைத்து, அதற்கப்புறம்தான் மூச்சே விடுவார். கடையில் யார் என்ன மாத்திரை வாங்கினார்கள் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் தங்கமானவர். பெட்டியோடு படியிறங்கும்போது எதிர்வீட்டுக்காரர், "எங்க, பயணமா?" என்று கேட்டுவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

"சும்மா, இப்படித்தான்."

சொல்லிவிட்டுத் தெருமுனை திரும்புவதற்குள், ரயில் எது, திரும்புவது என்றைக்கு, வீட்டில் யாருமில்லாததால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லையே என்ற கவலை, அத்தனையையும் சமூக வலைத்தளத்தில் ஏற்றி, நட்புப் பட்டியலில் இருக்கும் இரண்டாயிரத்து முந்நூறு பேரிடமும் ஒப்படைத்துவிடுவார். அதில் முகம் தெரிந்தவர்கள் முப்பது பேர் தேறுவார்களா? சந்தேகம்தான். எதிர்வீட்டுக்காரரும் பட்டியலில் உண்டு. "செடிக்கு நான் ஊத்தறேன்" என்று முதலில் எழுதுவதே அவர்தான்.

இவருடைய மகள் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். பதவி உயர்வு இதோ வருகிறது, அதோ வருகிறது என்ற நிலை. அதையே நம்பி உட்காராமல், காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, வெளியூரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினாள்.

"அப்பா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"என்னம்மா, என்னைத் தெரியாதா உனக்கு?"

தெரிந்ததால்தான் சொன்னாள். மனிதர் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். வழியனுப்பப் போன இடத்தில், ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளைப் படம் எடுத்து, "மகள் பெரிய கம்பெனி நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். இப்போதைய அலுவலகத்துக்குத் தெரியாது. நமக்குள் இருக்கட்டும். வாழ்த்துங்கள்" என்று நாலே வரி எழுதிப் போட்டார். ரயில் அடுத்த நிலையம் சேர்வதற்குள் எண்பத்தேழு லைக். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எண்பத்தெட்டாவதாக வந்தவர், போன மாதம் இவருடைய ரோஜாத் தொட்டியைப் பாராட்டி நட்புக் கேட்டவர். பூவைப் பாராட்டுகிறவர் நல்லவராகத்தானே இருப்பார் என்று, யார் எவர் என்று பார்க்காமலே சேர்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மகளின் மேலாளர். இரண்டே வரிதான் எழுதியிருந்தார்.

"வாழ்த்துகள். காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது?"

மருந்துக்கடைக்காரர் அதை மூன்று முறை படித்தார். மகள் ரயிலிலிருந்து கூப்பிட்டு, "அதை எடுத்துடுங்கப்பா" என்றாள். எடுத்தார். எடுத்து என்ன பிரயோசனம்? வெளியூர் வேலை கிடைக்கவில்லை. பதவி உயர்வு அடுத்த மேஜைக்காரருக்குப் போய்விட்டது. மகள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் வழக்கம்போல டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மகள் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"சும்மா, இப்படித்தான்."

அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அவள் போன திசையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கண் கலங்கியது, நிஜமாகவே கலங்கியது. உள்ளே வந்து உட்கார்ந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், கைப்பேசியை எடுத்தார். "பெற்ற மகளே மறைக்கிறாள். பெட்டியோடு எங்கோ போகிறாள். யாரிடம் சொல்லி அழ?" நூற்று நாற்பத்துமூன்று பேர் கண்ணீர்ப் பொம்மை போட்டார்கள். முதல் கண்ணீர் மேலாளருடையது. நீக்கினால் மனம் புண்படுமே என்று அவரை இன்னும் நீக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்படியே நம்ம பெரியமாமா மாதிரியே இருக்கிறதே என்று, இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, அவர் பெயரையும் எழுதிக் குடும்பக் குழுவில் போட விரல் போய்விட்டது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குழுவில் பெரியமாமாவும் இருக்கிறார்.