திறந்ததாகச் சொன்ன கடை

க்ளாத்தெனில் சோதோ சூப் கடை நடத்தும் அன்புச் சித்திக்கு, யோக்யகர்த்தாவிலிருந்து வெனிங், உங்கள் கையை நெற்றியில் வைத்து வணங்கி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கும் தகுதி எனக்குத் திங்கட்கிழமையோடு போய்விட்டது. போன் செய்யத் தைரியம் இல்லாததால் எழுதி அனுப்புகிறேன்.

எங்கள் உணவு ஆர்டர் தளத்தில் ஒரு கடையைச் சேர்க்க மூன்று நாள் ஆகும். புரோகிராம்களை அடைத்து வைக்கும் கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸ் என்ற கணினி அமைப்புக்குக் கடை என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத வகையை நாமே வரையறுத்துக் கற்றுக்கொடுக்கலாம் என்பதால், பெயர், பண்டம், திறக்கும் நேரம் என்று எழுதி, ‘கடை’ என்ற புதிய வகையை நான் வரையறுத்தேன். இனி இந்த விவரங்களை நிரப்பிய ஒரே ஒரு தாள் கொடுத்தால் கடை திறந்துவிடும், என் தற்காலிக வேலையும் நிரந்தரமாகும் என்று நம்பி, முதல் தாளாக உங்கள் கடையைக் கொடுத்தேன். ‘உருவாக்கப்பட்டது’ என்றது அமைப்பு. நான் அதை நம்பி உங்களிடம் சொன்னேன், நீங்கள் என்னை நம்பி இரண்டு பானை கூடுதலாக வைத்தீர்கள், பதினொரு மணி வரை ஓர் ஆர்டரும் வரவில்லை, “ஏண்டி, மெஷின் சரின்னுச்சுன்னியே, பசிச்சவன் ஒருத்தனாவது சரின்னானா?” என்று நீங்கள் போனில் கேட்டதும் பதறிப்போய், பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து மறுபடி கொடுத்தேன், எண்ணை மாற்றி மாற்றி எட்டு முறை கொடுத்தேன், எட்டு முறையும் ‘உருவாக்கப்பட்டது’.

பக்கத்து இருக்கை தெகார் எட்டிப் பார்த்தான்.

“வகையைச் சொல்லிக்குடுத்துட்டே, சரி. தாளைப் பாத்து வேலை செய்யுற புரோகிராம் எங்கம்மா? பேரு வச்சுட்டு, புள்ளை பெத்துக்க மறந்துட்டியே!”

“அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் சரி சரின்னுது?”

“தாளை வாங்கி வச்சுக்கிட்டேன்னு சொல்லுது. நம்ம ஜாவாக்காரன் ‘சரிங்க’ன்னா வேலை முடிஞ்சதுன்னா அர்த்தம்? நீயும் ஜாவாக்காரிதானே!”

அவன் சொன்னது உண்மைதான், சித்தி. போன மாதம் உங்கள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ‘சரிங்க’ சொல்லிவிட்டு வராமல் இருந்தவள் நான்தான்.

தாளைப் பார்த்து வேலை செய்யும் அந்த நிரலை இன்று எழுதி முடித்துவிட்டேன். இந்த முறை நிச்சயம் ஓடும். நாளைக் காலை மேலாளர் பாக் ஹர்கோ பார்க்கப் போகிறார். எனக்காக ஒரே ஒரு பானை வையுங்கள். பத்து ஆர்டர் வந்தால் போதும், என் வேலை நிலைக்கும்.

சித்தப்பாவுக்கு வணக்கம். உங்கள் அடுப்பும் உங்கள் பொறுமையும் அணையாதிருக்கட்டும்.

அன்புள்ள,
வெனிங்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்ததும் நிரலை ஓடவிட்டேன். கிடப்பில் இருந்த ஒன்பது தாள்களையும் அது ஒன்றுவிடாமல் எடுத்துச் செய்துவிட்டது. உங்களுக்கு இப்போது ஒன்பது கடைகள். நாளைக் காலைக்கு இதுவரை நூற்றுப் பதினாறு ஆர்டர். எட்டுக் கடைகளை அழிக்கப் போனேன், ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து இன்றே வந்துவிட்ட பாக் ஹர்கோ தடுத்துவிட்டார். “ஓடுதுல்ல? ஓடுறதை யாராவது தொடுவாங்களா? உன் வேலை உறுதி, போ” என்றார். ஆகவே ஒரு பானை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். எத்தனை பானை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பெரிதாக எதெல்லாம் இருக்கிறதோ, அதெல்லாம்.