மேஜர் கடித்த எலும்பு

எலும்பு நாயின் வாயில் இருந்தது. நாய் புளியமரத்தடியில் இருந்தது. உத்தமன் கொட்டகை வாசலில், ஒரு கையில் தேநீரும் மறு கையில் பொறை ரொட்டியுமாக நின்றான். நாய் என்றால் அவன் சின்ன வயதிலிருந்தே கிட்டப் போக மாட்டான்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில், பழங்காலத்து ஆட்கள் குடியிருந்த மேடு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிடைப்பதைக் கழுவி, காயவைத்து, எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது உத்தமனின் வேலை. சேர்ந்து மூன்று வாரம்தான்; அதுவும் தற்காலிகம். இன்று பதினொரு மணிக்குப் பூனாவிலிருந்து எலும்பு நிபுணர் மணவாளன் வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் நிரந்தரத்துக்குச் சிபாரிசு செய்வார். கோவில்பதாகையில் அவனுக்கு நிச்சயித்த பெண் நாகவல்லியின் வீட்டார் அந்தச் சிபாரிசுக்காகத்தான் கல்யாணத் தேதியையே நிறுத்திவைத்திருந்தார்கள்.

"மேஜர், நைனா, போட்ரு" என்றான் உத்தமன், இருந்த இடத்திலிருந்தே.

மேஜர் என்பது நாயின் பெயர். ஆவடிப் பட்டாளத்து முகாமில் உத்தியோகம் பார்த்துவிட்டு இங்கே ஒதுங்கியது என்று ஊரில் சொல்வார்கள். அது வாயெல்லாம் சேறாக, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தது. உத்தமன் பொறையைத் தேநீரில் தோய்த்து வீசினான். மேஜர் எலும்பை விட்டுவிட்டுப் பொறைக்குப் போனது.

எலும்பை எடுத்துச் சேற்றைத் துடைத்துப் பார்த்தான். இரண்டு முனையும் இல்லை. நடுத்தண்டு மட்டும் குழாய் மாதிரி நின்றது. அதன் மேல் குறுக்கே கோடுகள், சின்னச் சின்னக் குழிகள்.

பதிவேட்டில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: 'எண் 17. மாட்டின் கால் எலும்பு. முழுமை. சேதமில்லை.'

உண்மையில் அவன் அந்த எலும்பைப் பார்க்கவே இல்லை. நேற்று அது கெட்டிக் களிமண் உருண்டைக்குள் இருந்தது. உருண்டையின் நீளத்தைப் பார்த்து, உள்ளே முழு எலும்புதான் என்று எழுதிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டான். இரவெல்லாம் தொட்டியில் ஊறிய உருண்டையைக் காலையில் சாக்கின் மேல் வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனான். அதற்குள் இந்த வேலை நடந்துவிட்டது.

பதிவேட்டை அடித்துத் திருத்தக் கூடாது என்பது விதி. எலும்பைத் திருத்தக் கூடாது என்று எந்த விதியும் அவன் கண்ணில் பட்டதில்லை.

முதலில் களிமண்ணைப் பிசைந்து, எலும்பை உள்ளே வைத்துப் பழையபடி உருண்டையாக்கி வெயிலில் வைத்தான். அரை மணியில் அது வெடித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது.

முனை போனதற்கு மண்ணைச் சாட்டலாம், பல் தடத்துக்கு யாரைச் சாட்டுவது? உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். ஒரு பக்கம் முழுக்கத் தடம் போயிற்று. ஆனால் அந்தப் பக்கம் தேங்காய்ப் பத்தை போல வெளுத்து நின்றது. மறுபக்கத்தில் கை வைக்கவே பயமாகிவிட்டது.

வெளுப்பை மறைக்க, மிச்சத் தேநீரை எலும்பு முழுக்க ஊற்றினான். நிறம் வந்தது. கூடவே எறும்பும் வந்தது. கடைத் தேநீரில் சர்க்கரை இருப்பது குடிக்கும்போது தெரிந்தது, ஊற்றும்போது தெரியவில்லை.

சமையல்காரக் கன்னியம்மாளிடம் ஓடினான். "யக்கா, கொஞ்சம் மண்ணெண்ணெ குடு."

"இன்னாத்துக்குப்பா?"

"எலும்புல எறும்பு மொய்க்குது."

"மண்ணுக்குள்ள கெடந்தப்போ வராத எறும்பு இப்ப ஏன் வருது?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினாள். உத்தமன் அதை வாங்கிப்போய் எலும்பு முழுக்கத் தடவினான்.

மணவாளன் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். ஒடிசலான மனிதர், பேச்சும் மெல்லத்தான். பதினாறு எலும்புகளைப் பார்த்து முடித்துப் பதினேழாவதை எடுத்து முகர்ந்தார்.

"மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊர்ல மண்ணெண்ணெய் இருந்திருக்கு போல."

"எறும்புக்காக, சார்."

அவர் பூதக்கண்ணாடியை வைத்து, தேய்க்காத பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இங்க பாருங்க. நாய் எப்பவும் மிருதுவான முனையைத்தான் முதல்ல தின்னும். தண்டு மிஞ்சும். இது பல்லு ஊனின குழி, இது பல்லு இழுத்த கோடு. இந்த மேட்டுல நாயோட எலும்பு ஒண்ணுகூடக் கிடைக்கலை. நாய் இருந்துச்சான்னே தெரியாம இருந்தது. இது சொல்லிடுச்சு." அவர் குரல் தழைந்தது. "சாப்பிட்டவன் தூக்கிப் போட்டிருக்கான். பக்கத்துல ஒண்ணு காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அவன் பேரும் போச்சு, பேச்சும் போச்சு. அந்த நாய் உட்கார்ந்திருந்தது மட்டும் நமக்குத் தெரியுது."

பேனாவைத் திறந்து ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். "பதிவேட்டுல முழுமைன்னு போட்டது தப்பு. அது பரவாயில்லை. அச்சாகிற அறிக்கையில கண்டெடுத்தவர்னு உங்க பேரைப் போடறேன். சிபாரிசும் இப்பவே."

சும்மா நின்றிருந்தால் போதும். வேலை, கல்யாணம், அச்சில் பேர் எல்லாம் வந்துவிடும். ஆனால் அந்த மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க உத்தமனால் சும்மா நிற்க முடியவில்லை. இப்படி ஒருவரை ஏமாற்றிவிட்டுச் சாப்பிடும் சோறு செரிக்காது என்று தோன்றியது.

"சார், எழுதாதீங்க. அது நம்ம மேஜர் கடிச்சது."

"யாரு?"

மரத்தடியில் படுத்திருந்த நாயைக் காட்டினான். "காலையில எட்டு மணிக்கு. அது வாயிலேர்ந்து நாந்தான் எடுத்தேன். உப்புத்தாளு போட்டேன், டீ ஊத்தினேன். எல்லாம் நாந்தான் சார்."

மணவாளன் எலும்பைத் திருப்பி, தேய்த்த பக்கத்தைப் பார்த்தார். "டீ ஊத்திட்டீங்களா. அப்ப நிறத்தை வச்சுக் கடி பழசா புதுசான்னும் பார்க்க முடியாது." எழுதிய தாளை நான்காகக் கிழித்தார். "மூவாயிரம் வருஷம்னு எழுதிட்டேன். மூணு மணி நேரம்தான்."

"மன்னிச்சுக்கோங்க சார்."

"சொன்னீங்களே, அதுவே பெரிசு. ஆனா பொருளைத் திருத்தற ஆளுக்கு நான் சிபாரிசு பண்ண முடியாது, தம்பி." எலும்பை எடுத்து மரத்தடிக்கு வீசினார். "கடிச்சவருக்கே போய்ச் சேரட்டும்."

மேஜர் எழுந்து வந்து எலும்பை முகர்ந்தது. இரண்டு முறை நக்கியது. பிறகு அதன் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"ஏன், இப்ப கடிக்க மாட்டேங்குது?" என்றார் மணவாளன்.

அவருக்குத் தேநீர் கொண்டுவந்த கன்னியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாத்த வச்சி கடிக்கும் சார்? அதுக்கு ஒத்தப் பல்லுகூட கெடையாது. நாலு வருசமா நாந்தான் சோத்தக் கொழையப் பெசஞ்சி ஊட்டிகினு கீறேன்."