அறுநூறு மார்க் வாங்கிய தைராய்டு

லிஃப்ட் மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோயாளியாகிவிடுவது என்று முடிவு செய்தார்.

காரணம் கைக்குழந்தை. அது பிறந்ததிலிருந்து வீட்டில் பாத்திரம், துணி, அழுகை எல்லாம் இரட்டிப்பாகிவிட்டன. தன் தலையிலும் கொஞ்சம் விடியுமோ என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. பக்கத்து ஃபிளாட் தையல்காரரோ தைராய்டு என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. அவரிடமே யோசனை கேட்டு, லேபுக்குப் போய், தைராய்டு டெஸ்டுக்கும் ஆன்டிபாடி டெஸ்டுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

ரிப்போர்ட் வந்தது. முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டிய ஆன்டிபாடி அறுநூற்றைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் கனவிலும் காணாத மார்க். கீழே மற்ற அளவுகள் இருந்த வரிகளை யார் படித்தார்கள்? கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டார். தன் உடம்பின் படையே தன் கழுத்தைத் தாக்குகிறது என்பதை ஜாடையிலேயே விளக்கினார். தண்ணீருக்கு ஒரு விரல், ரிமோட்டுக்கு இரண்டு விரல். குழந்தை அழுதால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அது நோய் முற்றிய நிலை.

மனைவி ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் காட்டி, எத்தனை மாசம் ஓய்வென்று கேட்டுவிடலாம் என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டாக்டரம்மா எல்லா வரிகளையும் படித்துவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தார்.

"லிஃப்ட் மெக்கானிக்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"அப்ப சுலபமாப் புரியும். தைராய்டுதான் லிஃப்ட். மூளை மேல் மாடியில நின்னு பட்டனை அழுத்துது. லிஃப்ட் வரலைன்னா அழுத்திக்கிட்டே இருக்கும், அந்த அழுத்தலோட அளவுதான் டி.எஸ்.ஹெச்., அது ஏறிடும். உங்களுக்கு ஒரே அழுத்துல வந்து நிக்குது. ஆன்டிபாடி இருக்கிறதுன்னா உள்ள இருக்கிறவங்களே கதவைப் பிறாண்டுற மாதிரி. பின்னால பழுதாகலாம், வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கங்க. இப்ப மாத்திரையே வேண்டாம்."

"ஓய்வு?"

"எதுக்கு? மாத்திரை சாப்பிடுறவங்களே எல்லா வேலையும் பாக்குறாங்க." டாக்டரம்மா மனைவி பக்கம் திரும்பினார். "பிரசவத்துக்கப்புறம் நின்னுபோன உங்க லிஃப்ட் இப்ப எப்படிம்மா இருக்கு?"

"மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து படியேறினா அவ்வளவா மூச்சு வாங்கறதில்ல, டாக்டர்."

மெக்கானிக் கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்தார். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் கையை விடுவித்து, தன் தோளில் கிடந்த குழந்தையைத் தூக்கி அவர் தோளில் சாத்தினாள்.

"சொல்லியிருந்தா கவலையில நீங்கதான் படுத்திருப்பீங்க."