எட்டாம் நம்பர் மெஷினின் பொட்டு

“தயா, ஜெர்மன்காரரு மெஷினோட பின்பக்கத்தப் பார்க்கணுமாம்லா. பத்து நிமிஷத்துல வராரு!”

மேனேஜர் சிக்கந்தர் போனில் சொன்னதும் தயாளன் துடைக்கும் துணியைத் தேடினான். பின்பக்கத்தில்தானே பொட்டு இருக்கிறது!

பாயான் லெப்பாஸில் உள்ள அந்தச் சிப் தொழிற்சாலையில் தயாளன் பதினொரு வருட டெக்னீஷியன். அவன் பொறுப்பிலிருக்கும் எட்டாம் நம்பர் மெஷின், காற்றே இல்லாத தன் உள்ளறைக்குள் சிலிக்கான் தகட்டின்மேல் அணு அணுவாகக் காந்தப் படலம் பூசும். ஒரு தூசி விழுந்தால் தகடு குப்பைக்கு. அப்பேர்ப்பட்ட இடத்துக்குள் ஆயுத பூஜையன்று கையுறையில் ஒளித்துக் குங்குமம் கொண்டுபோய், மெஷினின் பின்மூடி போல்ட்டில் பொட்டு வைத்த மகராசன் அவன். ஏன், மெஷின் மட்டும் ஆயுதமில்லையா? ஆனால் ஜெர்மன்காரர் செய்யும் இன்றைய ஆடிட்டில் தேறினால்தான் சூப்பர்வைசர் பதவி. இல்லாவிட்டால் இருக்கிற வேலையும் சந்தேகம்தான்.

ஓடினான். போல்ட்டில் சிவப்பு பளிச்சென்று இருந்தது. ஆல்கஹால் தொட்டுத் துடைத்தான். அசையவில்லை.

“தண்ணீர்மலைக் கோயில் குங்குமமாச்சே, லேசுல போகுமா?” என்று பெருமையும் பயமுமாக முணுமுணுத்தான்.

அசிட்டோன் போட்டுத் தேய்த்தான். சிவப்பு ஓரத்தைத் தவிர எல்லாம் போனது. சுற்றியிருந்த பெயின்ட் முழுதாகப் போனது. ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டலாமென்று ஸ்பேனரால் போல்ட்டைக் கால் சுற்றுத் திருப்பினான். உஸ்ஸென்று காற்று உள்ளே புக, மெஷின் அலற ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு சிக்கந்தரும் ஜெர்மன்காரரும் துப்புரவு வேலை பார்க்கும் சலேஹாக்காவும் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை. கண் மட்டும்தான் வெளியே. ஆறு கண்ணும் போல்ட்டின்மேல் நின்றன.

இங்கிருந்த சிவப்பு எங்கே என்று ஜெர்மன்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“சிவப்பா? அப்படி ஒண்ணும் இல்லையே பாஸ்” என்று தயாளன் சிக்கந்தரைப் பார்த்துச் சொன்னான்.

ஜெர்மன்காரர் டேப்லெட்டில் ஒரு படத்தைக் காட்டினார். அதே போல்ட், அதே சிவப்பு. தயாளன் உடைந்தே போனான்.

“குங்குமம் பாஸ்! ஆயுத பூஜைக்கு நான்தான் வெச்சேன். அன்னையிலேருந்து ஒரு நாள்கூட இந்த மெஷின் படுத்ததில்ல. சாமி சத்தியமா இனிமே வைக்க மாட்டேன். சூப்பர்வைசர் ஆயிட்டேன்னு பொண்டாட்டிகிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன் பாஸ்!”

சிக்கந்தருக்கு மனம் இளகிவிட்டது.

“அட, ஒரு பொட்டுக்கா இந்தப் பாடு? நான் அவருகிட்ட பேசிக்கிறேன்லா. சாமி விஷயம்னா புரிஞ்சுக்குவாரு.”

தயாளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது சலேஹாக்கா அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

“தம்பி, உங்க பொட்டை நான் மறுநாளே துடைச்சிட்டேன்லா. இது, போல்ட்டை யாராச்சும் தொடுறாங்களான்னு பார்க்க, போன மாசம் வந்தப்போ ஜெர்மன்காரரு யாருக்கும் சொல்லாம, நான் துடைச்சிட்டிருக்கிறப்போ என் கண்ணு முன்னால தன் கையாலேயே வெச்ச சீலு!”