கிளம்பறேன் சாரின் விடுவிப்புக் கடிதம்

உலகத்திலேயே அதிகமுறை வேலையை விட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் கிளம்பறேன் சாருக்குத்தான். பரிசை வாங்க மேடைக்கு மட்டும் வரமாட்டார். ஐந்தாவது பீரியட் இருக்கும்.

திருவேற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் நான் இரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அங்கே பத்தாம் வகுப்புக்குத் தமிழாசிரியர் அவர். சொந்தப் பெயர் என்று ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலையில் அண்ணனூரிலிருந்து பைக்கில் வருவார். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியம், "மிஸ், இந்த மாசத்தோட நான் கிளம்பறேன்." இரண்டாவது வாக்கியம், "சாக்பீஸ் இருக்கா?"

மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோள்பையைக் கழற்றாமலேயே யாப்பு நடத்துவார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பதால் கடைசி பெஞ்சுக்காரர்களால் நிம்மதியாகக் கண்ணயர முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து எப்போது வருவார் என்று தெரியாதே. மதிய உணவைக்கூட ஜன்னல் ஓரம் நின்றபடிதான் சாப்பிடுவார். பார்க்கிற நமக்கே கால் வலிக்கும்.

கிளம்பி எங்கே போவார் என்பதுதான் மாதாமாதம் மாறும். ஒரு மாதம் மாவுக்கடை. ஒரு மாதம் டிராவல்ஸ். ஒரு மாதம் தேனீ வளர்ப்பு. "அண்ணனூர்ல தேனீக்குப் பூ எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். "அதான் மிஸ் இடிக்குது" என்று தேனீயை அன்றே கைவிட்டார்.

பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் உள்ளூர்க்காரர். தினமும் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "இன்னா சார், இன்னிக்காவது கெளம்புவியா?"

"இந்த மாசம் நிச்சயம்ப்பா."

"நீயும் சொல்லிகினே கீற. நானும் வண்டிக்கு ரெண்டு தபா டயர் மாத்திட்டேன்."

பெற்றோர் சந்திப்பு நாள் வந்தால் இன்னும் வேடிக்கை. புதிய அடுக்குமாடிகளிலிருந்து ஐடி வேலை பார்க்கும் அப்பாக்கள் மகனைப் பற்றிக் கேட்க வருவார்கள். இவர் குரலைத் தாழ்த்தி, "அது இருக்கட்டும் சார், உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களா?" என்பார். ஒரு நல்ல மனிதர் நிஜமாகவே மறுநாள் ஃபோன் செய்துவிட்டார். அரை மணி நேரம் பேச்சு. வேலை என்ன ஆச்சு என்று ஆவலாகக் கேட்டோம். "பையன் ழகரம் வர்ற இடத்துல எல்லாம் ளகரம் போடறான் மிஸ். அப்பாகிட்ட நல்லா எடுத்துச் சொல்லிட்டேன்" என்றார்.

தலைமையாசிரியை மேடம் இதற்கெல்லாம் அசைந்ததே இல்லை. "கிளம்புங்க சார். போற வழியில நைன்த் பி-ல ஆள் இல்ல, அதைப் பாத்துட்டுப் போங்க" என்பார். இவரும் பார்த்துவிட்டுப் போவார். அதாவது, அடுத்த வகுப்புக்குப் போவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் உண்மையாகவே வேலை கிடைத்துவிட்டது.

மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி. கைப்பேசிச் செயலிகளில் வரும் தமிழைச் சரிபார்க்கும் வேலை. ஏசி அறை, சுழல் நாற்காலி, சனி ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை சேர வேண்டும், வெள்ளிக்குள் பள்ளியில் கடிதம் கொடுத்துவிட வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டிய தமிழாசிரியரை இன்னொரு முறை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். அந்த வாரம் முழுக்க அவர் 'கிளம்பறேன்' என்று சொல்லவே இல்லை.

அதே வாரம் பத்தாம் வகுப்புக்குக் கடிதப் பயிற்சி நடந்தது. மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம். பரீட்சை வழக்கப்படி பிள்ளைகள் கற்பனைப் பெயரில்தான் எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாள்களில் பாதியை என் மேஜையில் வைத்து, "மிஸ், இதை மட்டும் திருத்திக் குடுங்க" என்றார். தலைவலியோடு திருத்தினேன். நடுவில் ஒரு தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக இருந்தன. 'சொந்தக் காரணங்களால் இப்பள்ளியிலிருந்து என்னை விடுவிக்குமாறு' என்று ஒரே ஒரு வரி. சிவப்பு மையில் எழுதினேன்: 'கையெழுத்து நன்று. காரணம் தெளிவாக இல்லை. உறைமேல் முகவரி எங்கே? மீண்டும் எழுதுக.' ஐந்துக்கு இரண்டரை.

அது அவருடைய விடுவிப்புக் கடிதம், தவறிப்போய்ப் பிள்ளைகளின் தாள்களோடு கலந்திருந்தது. அனுப்புநர் என்ற இடத்தில் அவர் சொந்தப் பெயர்தான் இருந்தது. அது கற்பனைப் பெயர் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் பலகையில் பார்க்கும் கையெழுத்தாயிற்றே. தாள்களைக் கொடுத்துவந்த வகுப்புத் தலைவி அதைப் படித்துவிட்டு முதல் பெஞ்சிடம் நீட்டினாளாம். தாள் பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கடைசியில் அவர் கைக்கு வந்ததாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்திதான் மெதுவாகச் சொன்னாளாம். "சார், மிஸ் திரும்ப எழுதச் சொல்லிகீறாங்க. நீதான சார் சொல்லுவ, இங்கயே குந்திகினு எழுதணும்னு."

அது அவர் போட்ட சட்டம். 'மீண்டும் எழுதுக' வாங்கியவர்கள் அதே பீரியடில் எழுதிக் காட்ட வேண்டும்.

பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கு அவர் நடக்கிற செருப்புச் சத்தம் நின்றுபோனது விசித்திரமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். முதல் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

மணி அடித்ததும் என்னிடம் வந்து தாளை நீட்டினார். அனுப்புநர், பெறுநர், பொருள், கட்டம் போட்டு உறைமேல் முகவரி. நடுவில் ஒன்றுமே இல்லை.

"என்ன சார் இது?"

"காரணம் வரமாட்டேங்குது மிஸ். ஏசின்னு எழுதினேன். ஃபேனை இன்னும் வேகமா வைக்கறோம் சார்ங்கறான் ஒருத்தன். ஓய்வு வேணும்னு எழுதினேன். நீ ஒரு நாளாவது உக்காந்துகீறியா சார்ங்கறா ஒருத்தி. எதைச் சொன்னாலும் தெளிவா இல்ல சார், தெளிவா இல்ல சார்னே சொல்லுதுங்க."

"அப்போ என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன பண்றது? இரண்டரை வாங்கின கடிதத்தை மேடம்கிட்டக் குடுக்க முடியுமா? அசிங்கம்" என்றார். வராந்தாவுக்குப் போய் மண்ணூர்பேட்டைக்கு ஃபோன் செய்தார். திங்கட்கிழமை மாதிரித் தேர்வு இருக்கிறது, வர முடியாது என்று சொல்வது கேட்டது. மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை. விடுப்பு சொல்லும் குரல். பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, சாக்பீஸ் தூசியாகவும் இருக்கலாம். திரும்பி வந்து, "அங்க ஆள் வேணுமாம் மிஸ், நீங்க போறீங்களா?" என்றார்.

நான் போனேன். எனக்குக் காரணம் தெளிவாகத்தான் இருந்தது. மேடம் ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளில் ஒருவரும் மறுக்கவில்லை. ஐந்து வருடமாக அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, 'உள்நுழைக'வா 'உள்நுழையவும்'மா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கால் வலிப்பதில்லை. சில நாள் அதுவே ஒரு குறையாக இருக்கிறது.

இந்த ஜூனில் என் மகன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளி மாற்ற வேண்டியிருந்ததால் திருவேற்காட்டுக்கே போய் மேடத்தைப் பார்த்தேன். ஆய்வகம், நீச்சல், ஸ்மார்ட் வகுப்பு என்று அடுக்கினார். நான் ஒன்றைத்தான் கேட்டேன்.

"மேடம், கிளம்பறேன் சார்?"

"ஆகஸ்டுல கிளம்பறாராம்."

விண்ணப்பத்தை வாங்கி அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன்.